ஆறு தின்ற மண் எங்கே போகிறது? எங்கள் தோட்டத்து ஊர் கேட்ட கேள்விகள்

போன வருடக் கடைசி மழையில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஆற்றங்கரை ஒரே ராத்திரியில் ஒரு லோரி அகலத்துக்கு உள்ளே போய்விட்டது. வேலியோரம் நின்ற இரண்டு வாழை, ஒரு முருங்கை, அன்னதானப் பாத்திரம் கழுவும் சிமெண்டுத் தளத்தில் பாதி, எல்லாம் சேர்த்துத்தான். அன்றிலிருந்து தேத்தண்ணிக் கடையில், கோயில் கூட்டத்தில், டியூசன் பிள்ளைகளிடம் என்று எங்கே போனாலும் கேள்விதான். நான் இருபது வருடமாகக் கட்டட வேலைக்கு நிலத்தில் துளை போட்டு மண் மாதிரி எடுக்கிறவன், அதனால் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே வைத்துவிட்டேன். ஊர் மலேசியாவின் உலு சிலாங்கூரில், கோலகுபு பாருவிலிருந்து மோட்டாரில் கொஞ்ச நேரம். அப்பா காலத்தில் கித்தா, அதாவது ரப்பர், இப்போது செம்பனை.

பள்ளிப் புத்தகம் மாதிரி இல்லாமல் சொல்லுங்கள் அண்ணே, அரிப்பு என்றால் என்ன, படிவு என்றால் என்ன?

தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவது அரிப்பு. தூக்க முடியாமல் இறக்கி வைப்பது படிவு. காற்றும் அலையும்கூட இதே வேலையைச் செய்யும், ஆனால் நம் ஊரில் எல்லாம் தண்ணீர்தான். வேகமாக ஓடும்போது தூக்கும், வேகம் குறைந்தால் போட்டுவிடும், அவ்வளவுதான் விஷயம். அடுத்த மழை விட்டதும் வீட்டுக்குப் பக்கத்து லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், முடியும் இடத்தைப் போய்ப் பாருங்கள். சரிவு முடிகிற இடத்திலேயே கல் கிடக்கும், கொஞ்சம் தள்ளி மணல், அதற்கும் தள்ளி வழவழவென்று சேறு. யாரோ சல்லடை போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும். கனமானதை முதலில் கைவிட்டு லேசானதைக் கடைசி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகும், ஆற்றிலிருந்து கடல் வரைக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, வேகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏட்டுக்கணக்கில் 64 மடங்காகிவிடும். நேற்றுவரை முழங்கால் நனைய நடந்து கடந்த அல்லூர், அந்தச் சின்ன ஓடை, இன்றைக்கு அம்மிக்கல் அளவு பாறையை உருட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

முதலில் இந்த மண் எல்லாம் எங்கிருந்து வந்தது?

மலையிலிருந்து. தித்திவாங்சா மலைத்தொடரில் பெரும்பகுதி கருங்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்கு அடியில் உருகிக் கிடந்து இறுகிய பாறை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்பே வேண்டாம், சூடும் மழையும் சேர்ந்து கருங்கல்லை உள்ளேயே மக்க வைத்துவிடும். கல்லில் இருந்த ஒரு பகுதி களிமண்ணாகிவிடும், படிகக்கல் மட்டும் மக்காமல் மணலாக நிற்கும், இரும்புச் சத்து துருப்பிடித்துச் சிவப்பாகும். நம் செம்மண் இதுதான். நான் துளை போட்ட சில மேடுகளில் 20 மீட்டர் இறங்கியும் பாறை தட்டவில்லை, எடுத்தால் கையில் பிட்டு மாதிரி உதிர்கிறது. பார்த்தால் மலை, உள்ளே பிட்டு. அதன்மேல் செடிகொடி இருக்கும்வரை நிற்கும், உரித்தால் போச்சு.

தோட்டம் முழுக்க மரம் நிற்கிறது, பிறகு எப்படி மண் போகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. மரம் இருந்தால் மண் போகாது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது பாதிதான் சரி.

பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் தரையில் விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் சின்னக் குண்டு மாதிரி வெடித்து மண்துகளை முட்டி உயரத்துக்குத் தெறிக்க வைக்கும். சந்தேகமா, பழைய லயத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புக் கறை ஏறியிருக்கும். அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், தீபாவளிக்கு அந்த உயரம் வரைக்கும் தாரையே பூசிவிடுவார். கூரைத் தண்ணீர் விழுகிற வரிசையில் குனிந்து பார்த்தால் இன்னும் வேடிக்கை. சின்னக் கூழாங்கல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மண் தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். கல் குடை பிடித்த இடம் மிஞ்சியது, சுற்றியிருந்த மண் போனது.

இப்போது மரத்துக்கு வருவோம். இலையில் விழுந்த சின்னத் துளிகள் ஒன்றாகச் சேர்ந்து இன்னும் பெரிய துளியாகச் சொட்டும். ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே துளி கிட்டத்தட்ட முழு வேகத்தைப் பிடித்துவிடும். கித்தா மரமோ அதைவிட உயரம். ஆகவே உயரத்தில் இருக்கும் இலைக் கூரை மண்ணைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது தரையோடு படுத்திருக்கும் சருகு, புல், கொடி. முன்பு துரைமார்களுக்கு இது தெரியவில்லை. கித்தா வந்த புதிதில் தரை முற்றம் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு புல்லு விடாமல் பிடுங்க வைத்தார்கள். நம் தாத்தா பாட்டி முதுகு ஒடியப் பிடுங்கியது அந்தப் புல்லைத்தான். மேல்மண் எல்லாம் ஆற்றுக்குப் போய் மரம் இளைக்க ஆரம்பித்த பிறகுதான் மண் பிடிக்கும் குழி வெட்டு, மேட்டுக்குக் குறுக்கே வரப்புப் போடு, மூடுகொடி நடு என்று வழிக்கு வந்தார்கள்.

செம்பனையில் எப்படி?

வளர்ந்த செம்பனையில் பெரிய மோசமில்லை, வேலையை ஒழுங்காகச் செய்தால். வெட்டிய மட்டையை எங்கே அடுக்குகிறோம் என்பதில் இருக்கிறது பாதி. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் ஓடிவரும் தண்ணீர் அங்கே தட்டி நின்று மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். மேலிருந்து கீழாக அடுக்கினால் நாமே அதற்குச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி. மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், சத்தம் போடுவது சும்மா இல்லை.

ஆபத்தான காலம் மறுநடவு. 25 வருடத்துக்கு ஒருமுறை பழைய மரத்தைச் சாய்த்து நிலத்தைத் திறந்து போடுவார்கள், அந்த ஒன்றிரண்டு வருடம்தான் ஆறு சிவக்கும். கெட்டிக்காரத் தோட்டங்கள் உடனே கொடி விட்டுவிடும். புவரேரியா, கலோபோகோனியம் என்று பழைய ஆட்களுக்குப் பழகிய பெயர்கள், இப்போது எங்கே பார்த்தாலும் முக்குனா, வடகிழக்கு இந்தியாப் பக்கத்துக் கொடி. படர ஆரம்பித்தால் மோட்டாரை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் மோட்டாரையே மூடிவிடும், அவ்வளவு வேகம். 25 டிகிரிக்கு மேல் சரிவான மேட்டில் நடக்கூடாது என்பதும் இப்போதைய வழக்கம். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்பதை உங்கள் ஊர் மேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மழை பெய்தால் ஆறு ஏன் தே தாரேக், அதாவது பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது? அது எவ்வளவு நேரத்தில் தெளியும்?

நிறம் களிமண்ணின் நிறம். எவ்வளவு நேரம் என்பது துகளின் பருமனைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழம் அசையாமல் நிற்கும் தண்ணீரில், நைஸான மணல் துகள் இரண்டு நிமிடத்தில் அடியில் போய்விடும். நல்ல மெல்லிய களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் ஆகும். ஆறு நிற்பதே இல்லை என்பதால் களிமண் கடல் வரைக்கும் பயணம்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்கிறேன். ஒரே அளவு போத்தல் இரண்டு எடுங்கள். இரண்டிலும் ஆற்றுத் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி சன்னலோரம் வையுங்கள். உப்புப் போட்டது சீக்கிரம் தெளிந்துவிடும். உப்பு சேர்ந்தால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கீழே போகும். நம் ஆறு கோல சிலாங்கூரில் கடலைத் தொடும் இடத்தில் நடப்பதும் அதேதான். உப்புத் தண்ணீரைக் கண்டதும் தூக்கி வந்த சேற்றையெல்லாம் போட்டுவிடும். கோலா என்று தொடங்குகிற ஊர்களின் கடலோரத்தில் எல்லாம் சேறாக இருக்கிறதே, குளிக்க முடியவில்லையே என்று கேட்பீர்கள். அந்தச் சேற்றில் நம் தோட்டத்து மண்ணும் கொஞ்சம் இருக்கிறது.

கோயில் பக்கம் மட்டும் கரை இடிகிறதே, எதிர்க்கரையில் மணல் சேர்கிறதே, ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடும், உள்பக்கம் மெதுவாக ஓடும். காடியை வேகமாக வளைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் ஒரு பக்கம் சாய்கிறோமே, அதே மாதிரி தண்ணீரும் வெளிக்கரையில் போய் மோதும். கோயில் இருப்பது வெளிப்பக்கம். அடியில் குடைந்துவிட்டு மேல்மண்ணை அப்படியே விடும், பார்க்கப் புல்லோடு கெட்டியாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் அந்த விளிம்பில் போய் நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. எதிரே உள்பக்கம் மணல்திட்டு வளர்கிறது, பழந்தமிழில் எக்கர் என்பார்கள், இப்போதும் எக்கல் என்கிற சொல் இருக்கிறது. ஆக, ஆறு தன் படுக்கையை நம் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறது. விட்டால் வளைவு இன்னும் வளைந்து, கடைசியில் கழுத்தறுந்து, குதிரை லாடம் மாதிரி ஒரு குட்டையை விட்டுவிட்டு நேராகப் போகும். அதற்கு ரொம்பக் காலம் ஆகும், கோயிலுக்கு அத்தனை காலம் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். வெள்ளம் வந்த அன்றைக்குக் கரை விழுவதைவிட வெள்ளம் வடிந்த மறுநாள் விழுவதுதான் அதிகம். ஊறிக் கனத்த கரையைத் தாங்கிப் பிடித்திருந்ததே ஆற்றுத் தண்ணீர்தான். அது சட்டென்று இறங்கியதும் பிடி விட்டுப்போகிறது. தண்ணீர் வடிந்துவிட்டதே என்று வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போகாதீர்கள்.

எங்கள் தாத்தா "பழைய கோலகுபு மண்ணுக்குள்ளே இருக்கு" என்பார். உண்மையா?

உண்மை. நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது அம்பாங் பெச்சா என்று சொல்கிற இடம்தான் பழைய ஊர். பெயரே உடைந்த அணை என்றுதான் பொருள். 1883ல் அங்கே இருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. சிசில் ரங்கிங் என்கிற வெள்ளைக்கார அதிகாரியும் அதில் இறந்தார். அவர் ஆற்றுக் காவலாக இருந்த வெள்ளை முதலையைச் சுட்டார், அதனால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதை இன்றைக்கும் உண்டு. முதலை விஷயம் எனக்குத் தெரியாது.

மக்கள் ஊரை மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தது மெதுவான அழிவு. மேலே மலையடிவாரம் எல்லாம் ஈயலம்பம், அதாவது ஈயச் சுரங்கம். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றில் விட்டார்கள். அத்தனை மணலும் சமதரை தொடங்குகிற இடத்தில், அதாவது சரியாக ஊர் இருந்த இடத்தில் இறங்கியது. ஆற்றின் அடிமட்டம் ஏற ஏற, சாதாரண மழைக்குக்கூட வெள்ளம் கடைக்குள் வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு அடுக்கு மண்ணை விட்டுவிட்டுப் போனது. தரையை உயர்த்திப் பார்த்தார்கள், கரை கட்டிப் பார்த்தார்கள், 1926ல் தீபகற்பம் முழுக்க வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு வழியே இல்லை என்றாகிவிட்டது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். சார்ல்ஸ் ரீட் என்கிற நகரமைப்பு அதிகாரி போட்ட திட்டம், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடம் மாறியது. பாரு என்றால் புதியது. கடைவீதி ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், நடுவே பச்சையாகத் திடல் என்று அழகாக இருக்கிறதே, அந்த அழகுக்குக் காரணம் மணல்.

அணை உடைந்தது ஒரே நாள், அதை எல்லாரும் கதையாகச் சொல்கிறார்கள். ஊரைக் கொன்றது நாற்பது வருடமாக ஒவ்வொரு அங்குலமாக ஏறிய மண். அதைச் சொல்ல ஒரு முதலைகூட இல்லை.

அப்படியென்றால் படிவு என்றாலே கெடுதல்தானா?

அட, அப்படிச் சொன்னால் ஈயம் கோபித்துக்கொள்ளும். இந்த நாட்டுக்குச் சீனர்களையும் ரயிலையும் பணத்தையும் கொண்டுவந்த ஈயமே ஆறு படியவைத்த பொருள்தான். ஈயக்கல் மலைக் கருங்கல்லில் நூல்போல ஓடிக் கிடந்தது. மலை மக்கி, மழை அடித்து வந்தபோது மணல் தள்ளிப் போனது, ஈயக்கல் பின்தங்கியது, ஏனென்றால் அது தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். லட்சக்கணக்கான வருடம் ஆறு இப்படிப் புடைத்துப் புடைத்துப் பள்ளத்தாக்கில் சேர்த்து வைத்ததைத்தான் கிந்தாவிலும் நம் சிலாங்கூரிலும் தோண்டினார்கள். தூலாங் தட்டில் பெண்கள் ஆற்றில் நின்று ஈயம் அலசுவார்களே, ஆறு செய்த அதே வேலையைக் கையால் செய்தார்கள். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தோண்டிய குழிகள்தான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம், ஏரி ஏரியாகக் கிடக்கின்றன. மீன் பிடிக்கப் போகிறவர்கள் கரையோரம் கவனம். அலசிவிட்ட மணலும் சேறும் கொட்டிய இடங்கள் மேலே காய்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கும்.

பத்துமலை எப்படி வந்தது? அதுவும் அரிப்பா?

அரிப்புதான், ஆனால் கரைந்த அரிப்பு. அது சுண்ணாம்புக்கல், சுமார் 40 கோடி ஆண்டு பழையது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகி விரிசல் வழியே இறங்கிக் கல்லைக் கரைத்தது, குகையாயிற்று. கரைந்தது மேலிருந்து சொட்டும்போது மறுபடி படிந்து கல்விழுது ஆகிறது. 272 படி ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள், அரிப்பும் படிவும் ஒரே கூரையில் தெரியும்.

சுண்ணாம்பு மலை அழகாக இருக்கும், ஆனால் அடிவாரத்தில் குடியிருப்பது வேறு விஷயம். 1973 அக்டோபரில் ஈப்போ குனோங் சீரோவில் மலையிலிருந்து ஒரு பெரும் பாறைப்பலகை பிரிந்து அடிவாரத்து வரிசை வீட்டின்மேல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள்.

நிலச்சரிவும் அரிப்பும் ஒன்றா? பத்தாங் காலியில் நடந்தது என்ன?

உறவுக்காரர்கள், ஒன்றல்ல. அரிப்பு மண்ணைத் துகள் துகளாக எடுக்கும். சரிவில் மேடே மொத்தமாக இறங்கும். மழை உள்ளே இறங்கி மண்ணின் இடுக்குகளை நிரப்பி, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்திவிடும், அப்புறம் தன் எடையே தனக்கு எமன்.

2022 டிசம்பர் 16 விடியற்காலை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோரக் கூடார முகாமின்மேல் மேடு இறங்கியது. 31 பேர் இறந்தார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. இறங்கிய மண் சுமார் 4 லட்சத்து 50 ஆயிரம் கன மீட்டர் என்று அப்போது சொன்னார்கள். பலரும் என்னிடம் கேட்டது, "அன்றைக்கு ராத்திரி பெரிய மழையே இல்லையாமே?" என்றுதான். முந்தின சில நாட்களின் மழை உள்ளே ஊறியிருந்தால் போதும், விழும் நேரத்தில் வானம் வெளுத்திருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் மேடு உள்ளவர்கள் இவற்றைப் பாருங்கள். மேட்டின் தலையில் பிறை வடிவில் விரிசல், நேராக நின்ற மரமோ வேலிக் கம்பமோ சாய்வது, முன்பு வராத இடத்தில் தண்ணீர் கசிவது, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, காரணமில்லாமல் கதவு சட்டத்தில் இறுகுவது. இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சாமான் எடுக்க நிற்காதீர்கள். ஆளை வெளியே கொண்டுபோய்விட்டு 999க்கு அடியுங்கள்.

ஆற்றில் குளிக்கப் போகலாமா? "கெப்பாலா ஆயர்" என்றால் என்ன?

போகலாம், காதைத் திறந்துவைத்துக்கொண்டு. மலையில் பெய்த மழை ஒரே சுவராக இறங்கி வருவதைத்தான் மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், அதுதான் ஏமாற்றும். 2021 ஆகஸ்ட்டில் கெடா குனோங் ஜெராயில் இப்படி வந்த வெள்ளம் மரத்தையும் பாறையையும் சேர்த்து உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கத்து ஊர்களில் புகுந்தது, ஆட்களும் இறந்தார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே லோரி வருகிற மாதிரிச் சத்தம் கேட்டால், கோழிக்கறிச் சட்டியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். சட்டி போனால் போகட்டும்.

ஆற்றில் மணல் அள்ளினால் என்ன? சேர்கிறது, எடுக்கிறார்கள். ஆறு ஆழமானால் நல்லதுதானே?

பழைய கோலகுபு கதையைக் கேட்டுவிட்டு இப்படிக் கேட்பது நியாயம்தான். அளவோடு, சரியான இடத்தில் எடுத்தால் உதவும். பிரச்சினை, ஆறு தனக்கென்று ஒரு சுமை வைத்திருக்கும். அதைப் பறித்தால் வெறுங்கையோடு போகிற தண்ணீர் பசியோடு போய்க் கீழே இருக்கும் கரையையும் பாலத்துக் காலையும் குடையும். ஓரிடத்தில் ஆழக் குழி தோண்டினால் அந்தக் குழி மேல்நோக்கியும் நகரும், ஆற்றின் அடி சரிந்து சரிந்து பின்வாங்கும். அணை கட்டினாலும் இதே பசி வரும். அணைக்குப் பின்னால் மண் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் கீழே வரும். மண் தேங்கினால் அணைக்கும் கேடுதான், கேமரன் மலையில் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1963ல் முடித்த அணை, மேலே காய்கறித் தோட்டத்து மண் வந்து வந்து நிறைகிறது, அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். 2013 அக்டோபரில் அந்த அணை நிறைந்து தண்ணீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

எங்கள் ஊருக்கு மேலேயும் ஒரு மேம்பாட்டு வேலை நடந்தது. மேட்டை உரித்துப் போட்டுவிட்டு, மண் தங்குவதற்கென்று வெட்டிய குட்டையைத் தூர்வாராமலே விட்டுவிட்டார்கள். இரண்டு மழையில் குட்டை நிறைந்தது, மூன்றாவது மழையில் எங்கள் பாலர் பள்ளி முற்றத்தில் சேறு. கேட்டால் "இயற்கை" என்றார்கள். இயற்கைக்கு எக்ஸ்கவேட்டர் ஓட்டத் தெரியாது.

நம் மண் கடலுக்குப் போய் என்ன ஆகிறது?

நம் ஆறு பிரேசர் மலைப் பக்கம் தொடங்கி கோல சிலாங்கூரில் முடிகிறது. அங்கே சேறு படிந்து, அதன்மேல் சதுப்புக்காடு வளர்ந்து, அந்த வேர்கள் இன்னும் சேற்றைப் பிடித்து நிலம் மெதுவாகக் கடலுக்குள் நீளும். இறால், நண்டு, சிப்பி எல்லாம் அந்தச் சேற்றின் பிள்ளைகள். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போகிறீர்களே, அவை உட்காரும் பெரெம்பாங் மரம் நிற்பதும் ஆற்றோரச் சேற்றில்தான். கரை அரித்து மரம் விழுந்தால் மின்மினிக்கும் வீடில்லை. சாசாரான் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இறங்கும்போது ஒரு மணல்திட்டு தலைகாட்டும், அதில் நின்று வானம் காலடியில் தெரிகிற மாதிரிப் படம் எடுக்க ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று கொடுத்துப் போகிறார்கள். படிவுக்குக் காசு கொடுக்கிற ஒரே இடம்.

மறுபக்கம், சதுப்புக்காட்டை வெட்டிய இடங்களில் கடல் நிலத்தைத் தின்கிறது. 1980களில் நாடு முழுக்க எடுத்த கணக்கில் கடற்கரையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் அரிக்கிறது என்று தெரிந்தது.

சோழர் படை வந்த கடாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1025ல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம். அங்கே சுங்கை பத்துவில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே பழைய படகுத்துறையின் செங்கல் கட்டடத்தைத் தோண்டி எடுத்தார்கள். சுற்றிலும் தரை, கடல் எங்கோ தள்ளி. படகு வந்த நீர்வழியை ஆறுகள் மண்ணால் நிரப்பிவிட்டன. நாளைக்கு யாரோ நம் ஊரைத் தோண்டினால் மைலோ டின் கிடைக்கும்.

சரி, என் வீட்டளவில் என்ன செய்யலாம்?

கூரைத் தண்ணீரை மேட்டின் மேல் விடாதீர்கள், குழாய் வைத்து லோங்காங் வரை கொண்டுபோங்கள். பாதி வீடுகளில் இதுதான் கோளாறு. வெட்டிய புல்லையும் உடைந்த சிமெண்டையும் சரிவின் விளிம்பில் கொட்டாதீர்கள், எடை கூடும். வாழை, மூங்கில் கரையைப் பிடிக்கும் என்று நட்டுவைப்பார்கள், இரண்டுக்கும் வேர் மேலாகத்தான் ஓடும். பாரமாகிக் கரையோடு சேர்ந்தே விழும். எங்கள் கோயில் வாழையே சாட்சி.

வெட்டிவேர் நடுங்கள். வெள்ளைக்காரன் நம் சொல்லையே எடுத்து வெட்டிவர் என்கிறான். சாமிக்கு மாலை, தண்ணீர்ப் பானைக்கு வாசம் என்று நாம் வைத்திருந்த புல், வேர் நேராக 3 மீட்டர் வரை இறங்கும், இந்த நாட்டு நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் நட்டிருக்கிறார்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில் நெருக்கமாக. ஆனால் ஆற்று வளைவின் வெளிக்கரைக்கு அது மட்டும் போதாது, அங்கே கம்பிக்கூடையில் கல் அடைத்த கல்கூடை வேண்டும், அது நம் பையில் ஆகிற வேலையில்லை.

யாரிடம் புகார் செய்வது?

ஆற்றங்கரை என்றால் ஜேபிஎஸ், அதாவது நீர்ப்பாசன வடிகால் இலாகா. மேட்டை வெட்டுகிறார்கள், மணல் அள்ளுகிறார்கள் என்றால் மாவட்ட நில அலுவலகம். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கடிதத்தில் அந்தப் பெயரை எழுதினாலே மரியாதை கூடும். லோங்காங் என்றால் நகராண்மைக் கழகம். ஆற்றோரத்தில் ஒதுக்க வேண்டிய நிலத்துக்கும் ஜேபிஎஸ் அளவு வைத்திருக்கிறது. ஆறு 5 மீட்டருக்குக் குறைந்த அகலம் என்றால் இருபக்கமும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேல் என்றால் 50 மீட்டர். வாயால் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் படம் எடுங்கள், படத்தில் ஒரு பாராங் கத்தியோ குடையோ அளவுக்கு இருக்கட்டும்.

காப்புறுதி? சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளமும் நிலச்சரிவும் சேராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டும் தனித்தனிச் சேர்க்கை, ஒன்றைச் சேர்த்துவிட்டு மற்றதும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

கோயில் கரை இப்போது எப்படி இருக்கிறது?

வேலிக் கம்பத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கயிறு கட்டி அளக்கிறேன், பூசாரி ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். தைப்பூசத்துக்கு 14 அடி. சித்திரைக்கு 13. ஆடி வெள்ளிக்கு 11. எதிர்க்கரை மணல்திட்டில் பிள்ளைகள் பந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள், போன வாரம் கோல்போஸ்ட்டும் நட்டாயிற்று.